லிட்டருக்கு இருபத்துநாலு

மைலேஜைக் குறைத்தே தீருவது என்று திருவேங்கடம் முடிவு செய்தான்.

கார் வைத்திருப்பவன் எவனும் எடுக்காத முடிவு அது. அவனவன் ஒரு சொட்டு டீசல் மிச்சமாகாதா என்று பிரேக் பிடிக்கக்கூட யோசித்துக்கொண்டிருக்கிறான். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவு கிராமத்தில் இவன் ஒருவன்தான், தன் வண்டி நல்ல மைலேஜ் காட்டுகிறதே என்று மனசு நொந்து கிடந்தான்.

வினை தொடங்கியது மச்சினனால். அமுதவல்லியின் தம்பி மோகன்குமார் மீஞ்சூரில் கம்பெனி வேலையில் இருந்தான். புதுக் கார் வாங்கியிருந்தான். ஒருநாள் வயல்களுக்கு நடுவே போகும் பொன்னேரி ரோட்டில், திருவேங்கடத்தின் பழைய டீசல் காரை அந்தப் புதுக் கார் முந்திக்கொண்டு போனது. முந்தினால்கூடப் பரவாயில்லை. முந்தும்போது ஹாரன் அடித்து, மாமனாயிற்றே என்று மரியாதையாக ஒரு கும்பிடும் போட்டான். அந்தக் கும்பிடு திருவேங்கடத்துக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

மீஞ்சூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் பெலிக்ஸிடம் போனான். மச்சினன் காரை முந்த வேண்டும், எஞ்சினுக்குப் பவர் ஏற்று என்றான். பெலிக்ஸ் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, லேப்டாப்பில் எதையெதையோ தட்டி, டீசல் பாயும் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுத்தான். அதுவரை நொண்டிக்கொண்டிருந்த கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. எல்லாம் சரி, வீட்டில் என்ன சொல்வது? உன் தம்பியை முந்துவதற்காக என்று அமுதவல்லியிடம் சொல்ல முடியுமா? மைலேஜுக்காக என்று சொல்லிவைத்தான்.

சொன்ன நேரமோ என்னவோ, மீட்டரும் அதற்குச் சாட்சி சொன்னது. அதுவரை லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது, இப்போது இருபத்துநாலு என்றது. திருவேங்கடத்துக்கே ஆச்சரியம். டீக்கடையில் சொன்னான். மீன் ஏலம் போடும் இடத்தில் சொன்னான். வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தவர்களைக் கையைக்கூடக் கழுவவிடாமல் கூட்டிவந்து, சீட்டில் உட்காரவைத்துக் காட்டினான்.

அமுதவல்லியும் எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ கம்மியாத்தான் குடிக்குதுன்னா, எங்கம்மாவைப் போய்ப் பார்த்துட்டு வர்றதுக்கு இன்னாய்யா தடை?"

அவள் அம்மா பச்சையம்மா இருப்பது மோகன்குமாரின் வீட்டில். மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது.

ஏரியில் இறால் வலை கட்ட முறை உண்டு. பாடு என்பார்கள். தன் பாடு வரும் நாளில் தண்ணீரில் இறங்க வேண்டும். அடுத்தவர் பாடு வரும் நாளில் கரையில் இருக்கலாம். கரையில் இருக்கும் அந்த நாட்கள்தான் திருவேங்கடத்தின் மொத்தச் சொத்து. கூட்டாளிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவான். இப்போது அந்தச் சொத்து முழுவதும் மாமியார் பெயருக்கு மாறிவிட்டது. போனதும் கீழேயிருந்து தண்ணீர்க் கேன் தூக்க வேண்டும். பிறகு கேஸ் சிலிண்டர். ஒருமுறை கட்டில். மருமகன் கால் வைத்தால்தான் வீட்டில் வேலை நடக்கிறது என்று பச்சையம்மா அந்த மாடி முழுக்கப் பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரர் தன் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தித் தர முடியுமா என்று கேட்டார். நகர்த்தி முடித்து, சாப்பிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்கி எழுந்தால் பொழுது போயிருக்கும்.

இப்படியே விட்டால் முதுகெலும்பு தாங்காது. மறுபடியும் பெலிக்ஸிடம் போனான்.

"மைலேஜைக் குறைச்சுக் குடு."

பெலிக்ஸ் ஸ்பானரைக் கீழே வைத்தான். "ஏத்தச் சொல்லித்தான் ணா எல்லாரும் வருவாங்க."

"வண்டியில குறைக்காத. மீட்டர்ல குறை."

பெலிக்ஸுக்கு விஷயம் புரிந்தது. மீட்டருக்கு உண்மையில் டீசலை அளக்கத் தெரியாது என்று விளக்கினான். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று பார்த்து, இவ்வளவு டீசல் போயிருக்கும் என்று அது ஒரு கணக்குப் போடும், அவ்வளவுதான். அழுத்தத்தைக் கூட்டியதால் இன்ஜெக்டர் கொஞ்ச நேரம் திறந்தாலே நிறைய டீசல் போகிறது. மீட்டர் பாவம், நேரம் குறைந்ததை மட்டும் பார்த்துப் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறது. நிஜம் தெரிய வேண்டுமானால் டேங்க்கை வாய்வரை ரொப்பி, ஓட்டிவிட்டு வந்து, மறுபடி ரொப்பிப் பார்க்க வேண்டும். அப்படியே செய்தார்கள். பதினாறு வந்தது.

இருபத்துநாலிலிருந்து பதினாறைக் கழித்துப் பார்த்துத் திருவேங்கடம் தலையில் கைவைத்தான். அடுத்த நொடியே முகம் மலர்ந்தது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், பதினாறையே காட்டச் சொல் என்றான். பெலிக்ஸ் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் முட்டி மோதினான்.

"நூத்துக்குப் பதினஞ்சுதான் ணா குறைக்க வுடுது. அதுக்கு மேல தள்ளுனா வண்டி ஒத்துக்கல."

இருபத்துநாலில் அதைக் கழித்தால் பழையபடி இருபதில் வந்து நின்றது. பொய் சொல்ல வந்த மனுஷனால் உண்மை இருக்கும் இடம்வரைகூடப் போய்ச் சேர முடியவில்லை.

இருபதைக் காட்டி, பார் குறைந்துவிட்டது என்று வீட்டில் முறையிட்டான். முன்பும் இருபதுதானே, அப்போதும் ஓடியதே என்று சொல்லிவிட்டு அமுதவல்லி நண்டுக் கூடையைத் தூக்கி டிக்கியில் வைத்தாள்.

மீட்டர் ஏமாற்றிவிட்டது. காலை நம்ப வேண்டியதுதான் என்று திருவேங்கடம் ஆக்சிலேட்டரில் காலை வைத்தான். மீஞ்சூருக்குப் புறப்படும்போதே பட்டனை அழுத்தி மீட்டரைப் பூஜ்யமாக்கினான். ஏசியை முழுசாக வைத்தான். நான்கு கண்ணாடியையும் இறக்கினான். இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டான். எஞ்சின் கதறியது. கார் ஊர்ந்தது. நாற்று ஏற்றிய டிராக்டர் முந்தியது. மொபெட்டில் பால் கேனோடு போனவர் முந்தினார். முந்தியவர் வேகத்தைக் குறைத்து, தள்ளிவிட ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். மீட்டர் பன்னிரண்டுக்கு இறங்கியது. திருவேங்கடத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

"பாருமே. பன்னெண்டு. மீஞ்சூர் ரோடுன்னாலே இது இப்டித்தான் குடிக்குது. இனிமே மாசத்துக்கு ஒருக்கா போனா போதும்."

அவள் மீட்டரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நிறுத்து."

பூ வாங்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து நிறுத்தினான். அவள் இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்கி அந்தாண்ட போய்க் குந்து."

"வண்டி ஓட்டறதுல உனக்கு இன்னாமே தெரியும்?"

அவன் சுற்றிப் போய் உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் அவள் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பட்டனை அழுத்தி மீட்டரை மறுபடி பூஜ்யமாக்கியிருந்தாள். கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பியது. மூன்றாவது கியர் விழுந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

"எங்கம்மா வூட்டுல தின்னுட்டு நீ குறட்டை வுடுவியே, அப்போ மோகன் கத்துக் குடுத்தான். லைசென்ஸும் வந்துடுச்சு."

மீட்டர் பதினெட்டு என்றது. பத்தொன்பது என்றது. இருபத்தொன்றைத் தொட்டபோது திருவேங்கடத்தால் சும்மா இருக்க முடியவில்லை.

"வாடைக் காத்து பின்னாலேர்ந்து தள்ளுது. அதான் ஏறுது."

"காருக்கு இன்னாய்யா, தோணி மாதிரி பாயா கட்டியிருக்கு?"

திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில் ஓரம் கட்டினாள். எஞ்சினை நிறுத்தவில்லை.

"ஏசியை நிறுத்தியாச்சு. கண்ணாடியை ஏத்தியாச்சு. இனிமே வெயிட்டு நீ ஒருத்தன்தான். எறங்கு."

விளையாட்டு என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீஞ்சூர் இல்லை, சிலிண்டர் இல்லை, பீரோ இல்லை. அதுவரை லாபம்தான். ஆனால் கார்? கரையில் இருக்கும் நாளெல்லாம் கார் அவளோடு போய்விட்டால் கூட்டாளிகளை எதில் ஏற்றுவது? கையில் கடைசியாக மிச்சமிருந்த ஆயுதத்தை எடுத்தான். அது உண்மை. அதை எடுத்துப் பழக்கமில்லாததால் நாக்குக் குழறியது.

"அமுதா, அந்த மீட்டரை நம்பாத. பெலிக்ஸை வுட்டு நான்தான் மாத்தி வெச்சேன். வண்டி நெசமா பதினாறுதான் குடுக்குது. இதைப் போய் தெனம் எடுத்தா கட்டாது."

"தெரியும். பெலிக்ஸு அன்னைக்கே மோகன்கிட்ட சொல்லிட்டான். நீ எதுக்குப் பவரு ஏத்துனேன்றதையும் சேர்த்துத்தான் சொன்னான்."

"அப்போ மீட்டரை நம்பாமயா இத்தினி நாளு மீஞ்சூர், மீஞ்சூர்னு உயிரை எடுத்தே?"

"நீ சொல்றதையே நான் நம்புறதில்ல. மீட்டரு சொல்றதையா நம்பப் போறேன்? நான் வண்டி கத்துக்க வேணாமா?"

திருவேங்கடம் கதவைச் சாத்தினான். அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள், பின்னால் பார்த்தாள், முதல் கியரைப் போட்டாள். போட்டவள் ஏதோ நினைவு வந்ததுபோல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"அதோ பழவேற்காடு பஸ்ஸு வருது பாரு. எனக்குன்னா இலவசம், நீ டிக்கெட் எடுக்கணும். சில்லறை வெச்சிருக்கியா?"