பேர் தெரியாத கம்பெனியின் எட்டுச் சக்கரங்கள்

பாறசாலை,
சனிக்கிழமை மாலை.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் அஜீஷுக்கு அத்தான் ரெத்தினதாஸ் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் சுகிர்தபாயும் மகள் ஷிஜாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கே கனடாவில் பனி கொஞ்சமாவது இளகி, நீ காதுத் தொப்பியைக் கழற்றி வைத்திருப்பாய் என்று நம்புகிறோம்.

எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீ போய்விடுவாய். இந்த விஷயத்துக்குக் கட்டைவிரல் போதாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசி. நம்முடைய ஷிஜா மாநில அணியில் இருக்கிறாள்! பேர் தெரியாத கம்பெனி ஸ்கேட் போட்டு! இரண்டாவது வாக்கியத்தை நீ தயவுசெய்து இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

தனுவச்சபுரத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, காலில் வரிசையாக நான்கு சக்கரம் வைத்த பூட்ஸைக் கட்டிக்கொண்டு, கையில் மட்டையோடு சிமென்ட் தரையில் பந்தைத் துரத்துகிற இந்த இன்லைன் ஹாக்கிக்கு எப்படிப் போனாள் என்பது உனக்குத் தெரியும். இதுவரை சீனியர் பெண் ஒருத்தியின் பழைய ஸ்கேட்டை, நுனியில் பேப்பர் திணித்துப் போட்டு விளையாடினாள். போன மாதம் கோச் ஷீனா மிஸ் கூப்பிட்டு, "மாநில அணித் தேர்வுக்கு வரணும்னா பிள்ளைக்குச் சொந்த ஸ்கேட் வேணும், அங்கிளே. இதுல அவளுக்க கால் உள்ள கெடந்து ஆடுது, கணுக்கால் போகும்" என்றார். அன்று மாலையே நீ போன் செய்து, "அத்தான், உலகத்துல பெரிய கம்பெனி மூணு உண்டு. அதுல ஒண்ணை நான் அனுப்பறேன். அறியாத கம்பெனி சாதனம் வாங்கி பிள்ளைக்க காலைக் கெடுக்காண்டாம்" என்றாய். நான் வேண்டாம் என்றேன். உன் அக்காள் என்னிடம் பத்து நாள் பேசவில்லை.

வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்திருப்பாய். இருபத்தாறு வருஷமாகப் பாறசாலையில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவன் நான். உருளுகிற சாதனம் எதுவானாலும் ஸ்டிக்கரைப் பார்த்து நான் வாங்குவதில்லை. ஆனாலும் நீ சொன்னாயே என்று திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஒரு ஜோடி எடுத்துக் காட்டினார்கள். அந்த விலைக்குப் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கி, இரண்டு டயரும் புதிதாகப் போடலாம். "இந்தச் சக்கரத்துக்குள்ள கறங்குற பெயரிங்கு என்ன?" என்று கேட்டேன். கடைக்காரர், "அறியில்ல சேட்டா, பக்ஷே நல்ல பிராண்டாணு" என்றார். உள்ளே இருப்பது தெரியாதாம், பிராண்ட் மட்டும் நல்லதாம்! கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு ஷிஜாவும் நானும் போனில் தேடித் தேடி, ஒரு வாரம் படம் பார்த்து, வாங்கினவர்கள் எழுதினதையெல்லாம் வாசித்து, 'ஸ்கிரோட்டா' என்று ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தோம். பெரிய கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குதான். உன் அக்காள் பேரைக் கேட்டுவிட்டு, "இது வயித்துப்போக்கு மருந்து மாதிரில்லா இருக்கு" என்றாள். பத்து நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை அதுதான்.

பார்சல் வந்தது. பிரித்த உடனே பூட்ஸை மேசைமேல் கவிழ்த்து எட்டுச் சக்கரத்தையும் கழற்றினேன். ரிவெட் பார்த்தேன், உறுதி. அலுமினியச் சட்டம் பார்த்தேன், நேர். பெயரிங் பார்த்தேன், அஜீஷே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய அறுநூற்று எட்டாம் நம்பர்! சின்ன மோட்டார்களில் எல்லாம் கிடக்கிற அதே சைஸ், என் டிராயரில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். ஆனால் மறுநிமிஷமே இடி. முன்னால் உள்ள சக்கரங்கள் சின்னது, பின்னால் உள்ளது பெரிது! மிச்சம் வந்ததையெல்லாம் பொறுக்கிப் போட்டு நம்மை ஏமாற்றிவிட்டான் என்று கம்பெனிக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பத்து நிமிஷம் சத்தம் போட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் என்னவோ விளக்கிக்கொண்டே இருந்தாள். ஷிஜா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து போனைப் பிடுங்கினாள். "அப்பா, ஹாக்கி ஸ்கேட்டு இப்படியாக்கும் இருக்கும்! உடம்பு முன்னால சாயணும்லா? பெரிய கம்பெனியிலயும் இப்படி உண்டும்!" நான் போனை வாங்கி, "சாரி பெஹன்ஜி" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்ததுதான் முக்கியம். பிள்ளை போடுவதற்கு முன்னால் தகப்பன் சோதித்துப் பார்க்க வேண்டாமா? கடவுள் எனக்கும் சின்னக் காலைத்தான் கொடுத்திருக்கிறார். ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே தமிழ்நாட்டு எல்லைக்கு இறங்குகிற சிமென்ட் சாலை உனக்குத் தெரியும். அங்கே நின்று பூட்ஸைக் கட்டினேன். எழுந்தேன். உருண்டேன். எவ்வளவு சுகம் என்கிறாய்! சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி போகிறது. கொஞ்சம் வேகம் கூடினதும் பிரேக் எங்கே என்று பார்த்தேன். இல்லை. ஹாக்கி ஸ்கேட்டில் பிரேக்கே கிடையாதாம்! இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்த சுவாமிதாஸ், "எலே ரெத்தினதாசே, எங்கலே போற?" என்று கத்தினான். "எனக்கும் அறியாதுலே!" என்று கத்திக்கொண்டே போனேன். கேரளத்தில் புறப்பட்டவன், ஒரு தடவைகூட விழாமல், எல்லைக் கல்லைத் தாண்டித் தமிழ்நாட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு டீ கொடுத்தார். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், லேசான சூடுகூட இல்லை. அங்கேயே தீர்மானித்துவிட்டேன், என் மகள் இதில்தான் விளையாடுவாள் என்று.

இனி தேர்வு நாள். திருவனந்தபுரத்தில் கூரை போட்ட ஸ்கேட்டிங் ரிங்க். எதிர் அணியில் ஒரு உயரமான பெண், பேர் அனகா. காலில் நீ சொன்ன மூன்று கம்பெனியில் ஒன்று. அவளுடைய அப்பா என் பக்கத்தில் இருந்தார். ஷிஜாவின் காலைப் பார்த்து, "இதேது கம்பெனியா?" என்று கேட்டார். சொன்னேன். "கேட்டிட்டில்ல" என்றார். கேள்விப்பட்டதே இல்லையாம்! நம்முடைய பிள்ளை முதல் பாதியில் ஒரு கோல் போட்டாள். நான் எழுந்து ஆடினேன். அனகாவும் ஒன்று போட்டாள். அவர் ஆடவில்லை, நாகரிகமானவர்.

இடைவேளையில் அனகாவின் ஒரு சக்கரம் இறுகி நின்றுவிட்டது. வெளியே மணலில் ஓட்டிவிட்டு வந்திருக்கிறாள், பெயரிங்குக்குள் மண். கம்பெனி மேல் குற்றமில்லை, மண்ணுக்கு பிராண்ட் தெரியுமா? அவளுடைய அப்பா யார் யாருக்கோ போன் போட்டார். அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அஜீஷே, என் சட்டைப் பையில் சக்கரம் கழற்றுகிற எல்-கீயும் நான்கு பெயரிங்கும் இருந்தன. நான் போகவில்லை. மறந்துபோய் அல்ல, அவள் ஆடாவிட்டால் நம்முடைய பிள்ளை ஜெயித்துவிடுவாளே என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது ஷிஜா தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, "அப்பா, அவளுக்க சக்கரத்தைப் பாருங்க. அவ இல்லாம நான் ஜெயிச்சா அது என்னத்துக்கு?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. போய்க் கழற்றி இரண்டு பெயரிங் மாற்றிக் கொடுத்தேன். மூன்று நிமிஷம்.

அனகா வந்த வேகத்தில் ஒரு கோல் போட்டாள், நான் சரிசெய்த சக்கரத்தில்! ஷீனா மிஸ் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் தாள் கருகிவிடும். பிறகு ஷிஜா திரும்பினாள் பார், அந்தச் சின்னச் சக்கரத்தில் சாய்ந்து, இரண்டு பேரை வெட்டிக்கொண்டு, ஒன்று, அதற்குப் பின் கடைசி நிமிஷத்தில் இன்னொன்று. மூன்றுக்கு இரண்டு! இரண்டு பிள்ளைகளையும் மாநில அணிக்கு எடுத்துவிட்டார்கள். அனகாவின் அப்பா என் கையைப் பிடித்து, "சேட்டா, ஆ கம்பெனிட பேரு ஒந்நு எழுதித் தருமோ?" என்றார். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்!

ஆகையால் நீ பெரிய கம்பெனி ஸ்கேட் எதுவும் அனுப்ப வேண்டாம். நல்ல சாதனத்தைக் கண்டறிகிற கண் உன் அத்தானுக்கு உண்டு என்பதை மட்டும் ஒத்துக்கொண்டால் போதும். நீ செய்கிற வேலையிலும் வருகிற வழியிலும் கர்த்தர் கூட இருப்பாராக. இந்த வீட்டில் மூன்று பேரின் ஜெபத்திலும் நீ இருக்கிறாய்.

அன்புடன்,
அத்தான் ரெத்தினதாஸ்

பின்குறிப்பு: மக்கா அஜீஷே, இது அக்கா. தபாலில் சேர்க்கச் சொல்லி என்கிட்ட தந்தாரு, ஒட்டுறதுக்கு மின்ன வாசிச்சேன். பிள்ளை ஜெயிச்சது சத்தியம். எல்லை தாண்டினது சத்தியம் இல்ல. அத்தான் பத்தடி கூட போகல்ல, கட்டாம விட்ட வலது ஸ்கேட்டு கழண்டு தனியா உருண்டு தமிழ்நாட்டுக்குப் போச்சு. சுவாமிதாஸ் அண்ணன்தான் போய் எடுத்துட்டு வந்தாரு, டீயும் அவருதான் குடிச்சாரு. இன்னொண்ணு, இந்த ஸ்கேட்டு இப்பவே பிள்ளைக்க பெருவிரல்ல முட்டுது. வளர்ற காலுன்னு அறியாம அளவு பாத்து இறுக்கமா வாங்கின ஆளு உனக்க அத்தான். அப்பாவுக்கு சங்கடமாகும்னு அவ வாய் தொறக்கல்ல. அதனால நீ சொன்ன அந்தப் பெரிய கம்பெனி சாதனத்தை ரெண்டு சைஸ் கூட்டி உடனே அனுப்பு. அத்தான் அறியாம இருக்க, பெட்டியை மட்டும் மாத்தி, ஸ்கேட்டு மேல ஸ்கிரோட்டான்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பு.