மாமா காருக்கு நான் சொன்ன வயது

அரிசிக் கடையில் வேலை பார்ப்பவனை யாரும் உழவு ஓட்டக் கூப்பிடுவதில்லை. மருந்துக் கடைக்காரரிடம் போய் யாரும் குடல்வால் அறுக்கச் சொல்வதில்லை. ஆனால் மோட்டார் சாமான் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் மோட்டார் பற்றிய சகலமும் தெரியும் என்று எங்கள் பக்கத்து சனம் நம்பியது. அதைவிட மோசம், நானும் நம்பினேன். (எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.)

எழுபதுகளின் நடுப்பகுதி. தேனி பஜாரில் ஒரு சாமான் கடையில் லாரிக்கு ஃபேன் பெல்ட்டும் ஜீப்புக்கு ப்ளக்கும் எடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம். அப்போது கூடலூரில் இருந்த என் அத்தையின் கணவர், குமுளிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, அவருடைய பழைய இங்கிலீஷ் காரை வாங்கிவிட்டார். (கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். நடந்ததற்கெல்லாம் நான்தான் பொறுப்பு, கம்பெனி அல்ல.) பச்சை நிறம். ஓடியது. நிற்கத்தான் யோசித்தது. பிரேக் சாமான் முழுவதும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு அது எந்த வருஷத்து மாடல் என்று தெரிய வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் துரை வீட்டுக் கரையான் ஏற்கெனவே படித்து முடித்திருந்தது.

“நம்ம பாண்டி மோட்டார் கடையிலதான இருக்கான், அவனக் கூப்பிடுங்க” என்றாள் அத்தை. கூப்பிட்டார்கள். அத்தை வீட்டு எருமைக்குப் பல் பார்க்கக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன். காரணம், அத்தை மகள் புஷ்பம். எனக்கு முறைப்பெண். அவளைக் கேட்டு போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரியின் வீட்டார் வந்துபோயிருந்தார்கள். மாமா இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. நான் கெட்டிக்காரன் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

போனேன். காரின் முன்னால் நின்றேன். டாக்டர் நாக்கைப் பார்ப்பது போல முன்பக்கக் கம்பிச் சட்டத்தைப் பார்த்தேன். இந்தக் காரின் பழைய மாடலில் விளக்குகள் கீழே, கம்பிச் சட்டத்தை ஒட்டி இருக்கும். பிந்திய மாடலில் மேலே ஏறி மட்கார்டில் உட்கார்ந்துவிடும். கடையில் எப்போதோ காதில் விழுந்த விஷயம். இதில் விளக்கு மேலே இருந்தது. மட்கார்டை இரண்டு தட்டுத் தட்டி, “அம்பத்திநாலு மாடல் மாமா. சந்தேகமே இல்ல” என்றேன்.

புஷ்பம் கதவோரம் நின்றபடி, “பின்பக்கம் பச்சை வேற மாதிரி இருக்கே மச்சான். அங்கனயும் போயிப் பாக்கலாம்ல?” என்றாள்.

“ஒரு ஆளோட மூஞ்சியப் பாத்து வயசு சொல்லுவமா, முதுகப் பாத்துச் சொல்லுவமா?” என்றேன். அத்தை சிரித்தாள். மாமாவே லேசாகச் சிரித்தார். எனக்கு அன்று கால் தரையில் இல்லை.

மதுரைக்குப் போய் ஐம்பத்திநாலு மாடலுக்கு நான்கு சக்கரத்துக்கும் பிரேக் சாமான் வாங்கி வந்தேன். கூடலூரில் ஜீப் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் மாட்டினார். முன்சக்கரங்களில் அச்சாகப் பொருந்தியது. பின்சக்கரத்தில், பிரேக் கட்டைகள் சக்கரத்தின் வட்டைக்குள் போகவே மாட்டேன் என்றன.

“பெருசா இருக்கே தம்பி?” என்றார் மெக்கானிக்.

“புதுச் செருப்பு முதல்ல கடிக்கத்தானண்ணே செய்யும்? கொஞ்சம் அரத்தப் போட்டு ராவுங்க.”

“நானும் அதத்தான் நெனச்சேன்” என்று அவரும் சந்தோஷமாக ராவினார். ராவிய ராவில் கட்டைகள் உள்ளே போய்விட்டன. மிதிக்கும்போது கட்டை வட்டையைத் தொட்டு அழுத்தினால்தான் சக்கரம் நிற்கும்; இனி தொடுமா என்று இருவருமே யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமுளியில் அத்தைக்குத் தெரிந்த வீட்டில் காதுகுத்து. மாமா காரை எடுத்தார். ஜீப் ஓட்டிப் பழகியவர். பக்கத்தில் நான். பின்னால் அத்தையும் புஷ்பமும். மலைச்சாலையில் கார் கம்பீரமாக ஏறியது. மாமா என் முதுகில் தட்டி, “பரவால்லடா மாப்ளே” என்றார். மாப்பிள்ளை! (ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை என்பது அந்த மகிழ்ச்சியில் எனக்கு உறைக்கவில்லை.)

விருந்து முடிந்து இறங்கினோம். முதல் வளைவில் மாமா பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் நின்றது, பின்சக்கரம் நிற்கவில்லை. காரின் பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. மாமா எப்படியோ வளைத்துத் திருப்பினார்.

“ஏலே, என்னடா இது?”

“புதுசு மாமா. பழகிரும்.”

அடுத்த வளைவிலும் பழகவில்லை. எதிரே வந்த ஜீப்காரர்கள் மலையாளத்தில் ஏதோ கத்தினார்கள். கேட்டது பாராட்டு மாதிரி இல்லை. மாமா கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்து, இறக்கம் முழுவதும் அந்த வண்டியைத் தாஜா செய்து இறக்கினார். பின்னால் அத்தை தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். கருகல் வாடை அடித்தது. மலை முடிந்து சமவெளி தொடங்கும் கடைசிச் சரிவில் மாமா மிதித்தபோது, பிரேக் தரையோடு ஒட்டிக்கொண்டது. முன்பிரேக்கும் கைவிட்டுவிட்டது. எதிரே சாலையை அடைத்தபடி ஆட்டு மந்தை.

“எல்லாரும் குனிங்க!” என்று கத்திய மாமா சடாரென்று காரை இடது பக்கம் ஒடித்தார்.

அங்கே ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. முள்வேலி போனது. பந்தலின் கல்தூண் வரிசைகளுக்கு நடுவே கார் புகுந்தது. கம்பிகள் அறுந்தன, கொடிகள் இழுபட்டன, பந்தல் எங்கள் மேலேயே மெதுவாக இறங்கியது. கொடிகளும் கம்பிகளும் பின்னிப் பிடித்து இழுக்க, எங்கள் கார் முதல் தடவையாக முழுசாக நின்றது.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். கை இருந்தது, கால் இருந்தது. மாமா இருந்தார். பின்னால் திரும்பவே பயமாக இருந்தது. திரும்பினேன். புஷ்பம் தலைமுடியில் திராட்சை இலைகளோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் மடியில், ஜன்னல் வழியாக விழுந்த பெரிய திராட்சைக் குலை. அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, “சாமி பிரசாதம் குடுத்துருச்சு” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் உயிரோடு இருந்தோம்.

தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். உள்ளே பெண்கள் இருப்பதைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். யாருக்கும் காயமில்லை என்று தெரிந்த பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே வந்தவர், கொடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காரின் பின்பக்கத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“இது அந்த எஸ்டேட் தொரை வண்டியில்ல? யானை மிதிச்ச வண்டியவா வாங்குனீக?”

“யானையா?” என்றார் மாமா.

“ஆமாய்யா. தேக்கடி ரோட்டுல நிறுத்தியிருந்த வண்டிய யானை வந்து முன்பாதிய அப்பளமா நொறுக்கிருச்சு. தொரை விடல. வேற ஒரு வண்டியோட முன்பாதிய வாங்கி ஒட்டவச்சாக. நாங்கள்லாம் வேடிக்கை பாக்கப் போனோமே!”

ஆக, முன்பாதி ஐம்பத்திநாலு. பின்பாதி அதற்கு ரொம்ப மூத்தது. பழைய மாடலுக்குப் பிரேக் வட்டை சின்னது; அந்த அண்ணனுக்குத்தான் நான் தம்பியின் பெரிய செருப்பை ராவி மாட்டியிருந்தேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் போடி ஏலக்காய் வியாபாரியின் வீட்டுப் பந்தக்கால் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. “சந்தேகமே இல்லன்னு சொன்னியேடா!” என்று ஆரம்பித்தார்.

“அப்பா” என்றாள் புஷ்பம், முடியிலிருந்து இலையை எடுத்தபடி. “மச்சான் சொன்னது பாதி சரிதான? பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சு வாங்குனாலே பாஸ் போடுறாக.”

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் தோட்டக்காரர் சிரித்தார். பிறகு அத்தை. கடைசியில் மாமா காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தப்பித்தவன் சிரிக்கும் சிரிப்பு. “சரித்தா, ஒனக்குப் பாஸுன்னா எனக்கும் பாஸு” என்று மகளிடம் சொன்னார். பிறகு என்னிடம், “வண்டிப் பக்கம் மட்டும் வந்தே, காலை ஒடிச்சிருவேன்” என்றார். இவ்வளவு இனிமையான வார்த்தைகளை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

மறுநாளே ஆட்களோடு போய் மாமா பந்தலைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தார். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். தோட்டக்காரர் ஒரு கூடை திராட்சையோடு வந்திருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதை உறுதியாகச் சொன்னாலும் அது பாதிதான். “மழை வராது” என்றால், “முன்பாதிக்கா, முழுசுக்குமா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். மருமகன்கூடக் கேட்கத் தொடங்கிவிட்டார். போன மாதம் நெஞ்சு லேசாக வலிக்கிறது என்று தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு வந்தேன். புஷ்பம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ஒண்ணுமே இல்லையாம்” என்றேன்.

“முன்பாதி மட்டும் பாத்தாகளா, முழுசாப் பாத்தாகளா?”

“முழுசாப் பாத்தாக.”

அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள். காபி போட உள்ளே போனாள்.