இருபத்திரண்டு நிமிடம்

இருபத்திரண்டு நிமிடம் குறைகிறது என்றார் தலைமையாசிரியை ஞானம்.

பதுருன்னிசாவின் இரட்டைப் பெண்களில் ஆஃபியா பிறந்தது ஜூலை 31, இரவு 11.49. தமன்னா பிறந்தது ஆகஸ்ட் 1, இரவு 12.22. எல்.கே.ஜி.யில் சேர ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும்.

“ஆஃபியாவைச் சேத்துக்கறேன். தமன்னா அடுத்த வருஷம்.”

“ஒண்ண வுட்டு ஒண்ணு சோறு துன்னாது மேடம்.”

“நான் சேத்தாலும் கம்ப்யூட்டர் சேக்காதும்மா.”

“அப்போ ரெண்டு பேரையும் அடுத்த வருஷமே சேத்துடறேன்.”

“அப்போ ஆஃபியாவுக்கு நாலு முடிஞ்சிடும். வயசுப்படி யு.கே.ஜி. தமன்னா எல்.கே.ஜி.தான்.”

பதுருன்னிசாவுக்குப் புரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இந்த இருபத்திரண்டு நிமிடம் குறைந்துகொண்டேதான் இருக்கும்.

ராயபுரம் வீட்டில் அவள் கணவன் அமீர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“பெர்சு பெர்சுதான். தல நெறைய முடியோட பொறந்துச்சு. சின்னதுக்கு முடியே இல்ல. ஆஸ்பத்திரில அத வெச்சித்தானே ரெண்டையும் அடையாளம் பாத்தோம்?”

ஏதோ சொல்ல வாயெடுத்த அவன் தம்பி அமான், அண்ணன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தான்.

முதல் நாள், அமானின் ஆட்டோவில் ஆஃபியா மட்டும் போனாள். பள்ளியில் மதியம் வரை அழுதாள். வீட்டில் தமன்னா, அக்காவின் பழைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் பதுருன்னிசா, யூனிஃபார்மைத் தமன்னாவுக்குப் போட்டுவிட்டாள்.

“ஸ்கூல்ல பேரு கேட்டா ஆஃபியான்னு சொல்லணும். சரியா?”

அதன்பின் ஒருநாள் இவள், ஒருநாள் அவள். போய் வருபவள், பள்ளியில் தந்த பிஸ்கெட்டில் பாதியைக் கைக்குள் நசுக்கிப் பிடித்தபடி கொண்டுவருவாள். வீட்டில் இருந்தவள் அதை நக்கித் தின்பாள்.

இரண்டு வாரத்தில் வகுப்பு ஆசிரியை ராமசெல்வி பதுருன்னிசாவை நிறுத்தினாள்.

“ஆஃபியாவுக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது. திங்கக்கிழமை சிவப்பு எதுன்னு தெரியுது. செவ்வாய்க்கிழமை கேட்டா முழிக்கிறா. புதன்கிழமை திரும்பத் தெரியுது. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அன்று முதல் மாலையில் போய் வந்தவள் மற்றவளுக்குப் பாடம் எடுத்தாள். சிவப்பு இருவருக்கும் தெரிந்தது. பதுருன்னிசா நிம்மதியாகத் தூங்கிய மறுநாள், ஆஃபியா பள்ளியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் தமன்னாவின் முட்டி வழவழவென்று இருந்தது.

“ஒரே ராத்திரில ஆறிடுச்சா? என்ன போட்டீங்க?”

“தேங்காண்ண, மிஸ்.”

மாலையில் மூன்று அம்மாக்கள் அவளை மறித்து, எந்தக் கடைத் தேங்காயெண்ணெய் என்று கேட்டார்கள். அதற்கடுத்த நாள் காயம் திரும்பி வந்தது.

பதுருன்னிசா இருவர் முட்டியிலும் பிளாஸ்திரி ஒட்டினாள். அவசரத்தில் தமன்னாவுக்கு இடது காலில் ஒட்டிவிட்டாள். ஆஃபியாவின் காயம் வலது காலில்.

ராமசெல்வி நேராக ஞானத்தின் அறைக்குப் போனாள்.

மறுநாள் எல்லோரும் அங்கே நின்றார்கள். பிள்ளைகள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். அமான் ஆட்டோ சாவியோடு கதவோரம் நின்றான்.

ஞானம் குனிந்து கேட்டார். “இதுல யாரு ஆஃபியா?”

“நானு,” என்றார்கள் இருவரும்.

ஸ்கூலில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ராமசெல்வி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு மட்டும் ஆசையாம்மா? தகுதியிருக்கிற பிள்ளையை வெளிய அனுப்ப எனக்கு அதிகாரமில்ல. தகுதியில்லாத பிள்ளையை உள்ள வெக்கவும் அதிகாரமில்ல. மொதல்ல பொறந்த பிள்ளை இருக்கட்டும். இன்னொண்ணக் கூட்டிட்டுப் போங்க.”

“இதான் மேடம் பெர்சு,” என்று அமீர் ஆஃபியாவின் தலையில் கைவைத்தான். குரலில் வழக்கமான பெருமை இல்லை.

பதுருன்னிசா தமன்னாவின் கையை இழுத்தாள். வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் முன்பு பிரித்தது போய் ஒட்டிக்கொண்டது. தமன்னா அழவில்லை. இடது முட்டியிலிருந்த பிளாஸ்திரியைத் தானே பிய்த்து அம்மாவிடம் நீட்டினாள். அதனால்தான் அனுப்புகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

அமீர் சுவரில் இருந்த விலங்குப் படங்களைப் பார்க்கத் தொடங்கினான்.

கதவோரத்தில் அமான் தொண்டையைச் செருமினான்.

“அண்ணே, கோச்சுக்காத. மேடம், பொறந்ததுலேர்ந்து ஏழு நாளும் தலமுடிய வெச்சித்தான் பெர்சு, சின்னதுன்னு பாத்துகினு இருந்தோம். ஏழாம் நாளு என் மடில வெச்சித்தான் ரெண்டுக்கும் மொட்ட அடிச்சாங்க. அதுக்கு அப்பாலதான் பேரு வெச்சோம். எது மொதல்ல பொறந்துச்சுன்னு அன்னிக்கே யாருக்கும் தெரியாது.”