பனியில் விழுந்த பெண்ணும் என் தலைமுடியும்

சேசு மரி சூசை துணை

அருளானந்தபுரம்,
பாலக்கோடு வழி,
2-3-1988

பெங்களூரில் ஆத்தும ஊழியம் செய்துவரும் மகா கனம் பொருந்திய செபாஸ்டின் சாமியார் அவர்களுக்கு, தங்கள் தங்கை மதலேனம்மாளின் கணவன் இன்னாசி முழந்தாளிட்டு எழுதும் விண்ணப்பம். தோத்திரம் சாமி. இங்கே நானும், தங்கள் தங்கையும், மாடு கன்றுகளும், தாங்கள் அன்பளித்த கறுப்பு வெள்ளை டி.வி.யும் சர்வேசுரன் கிருபையால் சுகம். மச்சான் என்று எழுதினால் குருப்பட்டத்துக்கு மரியாதையாகாது, சாமி என்று மட்டும் எழுதினால் உறவு விட்டுப்போகும். ஆகையால் இக்கடிதத்தில் உள்ள நியாயத்தைச் சாமியாராகவும், வயிற்றெரிச்சலை மச்சானாகவும் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

விஷயம் என் தலைமுடியைப் பற்றியது. ஈஸ்டருக்குப் போடும் நம்ம ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் இத்தனை வருஷமாக நான் சவுக்கால் அடிக்கும் சேவகன். நடுவில் ஒரு வருஷம் கள்ளனாகச் சிலுவையில் தொங்கினேன், அதிலும் கெட்ட கள்ளன். இந்த வருஷம்தான் சேசுநாதர் வேஷம் என்னைத் தேடி வந்தது. நம்ம ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியும், சேசுநாதருக்கு டோப்பா கூடாது, ஒட்டுத்தாடி கூடாது, எல்லாம் சொந்தமாக முளைத்ததாக இருக்கவேண்டும். போன ஈஸ்டரிலிருந்து வளர்க்கிறேன். பஸ்ஸில் பின்னாலிருந்து கண்டக்டர் "முன்னாடி போம்மா" என்கிறான், திரும்பினால் தாடியைப் பார்த்துவிட்டு விசிலை விழுங்குகிறான். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன் சாமி. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று சவுரியப்பனும் ஒருபக்கம் முடி வளர்த்து வைத்திருக்கிறான். கோயிலில் பார்க்கும்போதெல்லாம் "ஒடம்பு நல்லாருக்குங்களாண்ணா?" என்று விசாரிக்கிறான். இப்படிக் காப்பாத்தி வெச்ச முடியத்தான் தங்கள் தங்கை, என்னை ஒரு வார்த்தை கேக்காம, முன்னபின்ன தெரியாத ஒரு வெள்ளைக்காரப் புள்ளைக்காக மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டா.

தவக்காலம் தொடங்கினதும் டி.வி.க்குத் துணி போட்டு மூடிட்டோம் சாமி, சத்தியமா. போன சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துத் தீர்த்தகிரி சம்சாரத்தோட வந்து, "கனடா தேசத்துல பனி மேல வெளையாடறாங்களாம், ஒலகமே வந்திருக்குதாம், காட்டறாங்களாம்"னு நின்னான். சினிமாதான் கூடாது, வெளையாட்டுக்கு என்ன விரதம்னு நான்தான் துணிய எடுத்தேன். அதுக்குள்ள பாட்டும் ஆட்டமும் இருக்கும்னு யார் கண்டா? போட்டா, தெரை பூராவும் ஒரே வெள்ளை. காத்துல ஆண்டெனா திரும்பிக்கிச்சுன்னு தீர்த்தகிரி ஓட்டு மேல ஏறினான். பெங்களூர்ப் பக்கம் திருப்பி "தெரியுதா?"ங்கறான், "வெள்ளையாத்தான் இருக்குது"ங்கறேன். சேலத்துப் பக்கம் திருப்பி "இப்ப?"ங்கறான், "இப்பப் புள்ளி புள்ளியா வெள்ளை"ங்கறேன். மறுபடியும் பெங்களூர். ஓடு ஒடயற சத்தம் கேக்குது, மதலேனா உள்ளருந்து கத்தறா. கடைசியில அந்த வெள்ளைக்குள்ள இருந்து கறுப்புச் சட்டை போட்ட ஒரு மனுசன் கால்ல ரெண்டு பலகையக் கட்டிக்கிட்டுச் சறுக்கி வந்தப்பத்தான் வெளங்குச்சு, படம் மொதல்லருந்தே தெளிவாத்தான் இருந்திருக்குது, அந்த ஊருதான் வெள்ளை. தீர்த்தகிரிய எறங்கி வரச் சொன்னோம்.

அதுக்கப்புறம் அந்தப் புள்ள வந்துச்சு சாமி. எந்த நாடோ, என்ன பேரோ, இங்கிலீசுல சொன்னாங்க, அதுல பேரு எது பேச்சு எதுன்னு எங்களுக்குத் தெரியல. ஒல்லியா, நம்ம வூட்டுப் பொண்ணுங்க வயசுதான் இருக்கும். காலணிக்கு அடியில கத்தி. கண்ணாடியாட்டம் பனிக்கட்டி, அதுமேல அந்தக் கத்தியில நின்னுக்கிட்டுப் பின்னாலயே போகுது, பின்னால! எங்க போறோம்னு திரும்பிக்கூடப் பாக்கல. மழை பேஞ்சா வரப்பு மேல நேரா நடக்கறதுக்கே நாங்க ஆண்டவரக் கூப்பிடறோம். அது எம்பிக் குதிச்சு, அந்தரத்துல சுத்தி, ஒத்தக் கால்ல வந்து நின்னுச்சு. "அடி ஆத்தே, எலும்பு இருக்குதா இல்லியா இவளுக்கு!"ன்னு தீர்த்தகிரி சம்சாரம் கண்ணம்மா கன்னத்துல கைய வெச்சுக்கிட்டா. தங்கள் தங்கை புளிக்குக் கொட்டை எடுத்துக்கிட்டிருந்தவ, எடுத்த புளி எடுத்த கையிலயே நிக்குது. அந்த நேரத்துலதான் அந்தப் புள்ள இன்னொருக்கா குதிச்சு, தொப்புனு விழுந்துருச்சு. நாங்க "ஐயோ"ங்கறதுக்குள்ள எந்திரிச்சுருச்சு, எந்திரிச்சதோட இல்லாம சிரிச்சுது. பாட்டும் நிக்கல, அதுவும் நிக்கல. அத்தன பேரு முன்னால விழுந்துட்டுச் சிரிக்கறதுக்கு என்னா மனசு வேணும்! நான் நாடகத்துல ஒரு வசனம் மறந்ததுக்கே ரெண்டு ஞாயித்துக்கெழமை கோயில்ல பின் வரிசையில நின்னவன்.

அந்தச் சிரிப்பப் பாத்ததும் மதலேனா டி.வி. முன்னாடி மண்டி போட்டுட்டா. "தாயே மாதாவே, இந்தப் புள்ள இனிமேக்கொண்டு விழாம ஆட்டத்த முடிச்சுட்டா, வர்ற சனிக்கெழமையே இவரு முடிய கோயில் வாசல்ல இருக்கற உன் கெபியில எறக்கறேன்"னுட்டா. கண்ணம்மா பங்குக்கு அவங்க முனியப்பனுக்கு ஒரு சேவல நேர்ந்துக்கிட்டா. புள்ள மறுபடி விழல. குதிச்சுது, சுத்துச்சு, கடைசியில ரெண்டு கையையும் விரிச்சு நின்னு குனிஞ்சு கும்பிட்டுச்சு. மெடல் கெடைக்கலன்னு மட்டும் புரிஞ்சுது, ஆனா நாங்க நாலு பேரும் கைதட்டுன சத்தத்துல மாடு மெரண்டு கயித்த அத்துக்கிச்சு. அதத் தேடிப் புடிச்சுக் கட்டிட்டு வந்தப்புறந்தான் யாரு முடின்னே எனக்கு ஒறைச்சுது. "ஏண்டி, உன் முடிய நேர்ந்துக்கக் கூடாதா?"ன்னு கேட்டா, "என் தலையில நாலு இழைதான் இருக்குது, மாதாவுக்குக் குடுக்கற பொருளு உருப்படியா இருக்க வேணாமா?"ங்கறா. ஈஸ்டர் முடிச்சுட்டு எறக்கலாம்னா, "சனிக்கெழமைன்னு சொன்னது சொன்னதுதான், மாதாகிட்டயே வாய்தா கேப்பீங்களா?"ங்கறா. கண்ணம்மா மறுநாளே சேவல அடிச்சுக் கணக்க முடிச்சுட்டு, எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொழம்பு குடுத்தனுப்பிச்சா. தவக்காலத்துல கறி தொடமாட்டோம்னு திருப்பி அனுப்பினோம். அந்த வாசனை சாயங்காலம் வரைக்கும் வூட்டுக்குள்ளயே சுத்துச்சு.

திங்கக்கெழமை தக்காளி போடப் பாலக்கோடு மண்டிக்குப் போனேன். அங்க பேப்பர் படிக்கற காளியப்பன்கிட்ட அந்தப் புள்ளையப் பத்திப் பெருமையாச் சொன்னா, அவன் சிரிக்கறான். "அதெல்லாம் முன்னாடியே நடந்து முடிஞ்சு பேப்பர்ல வந்திருச்சுங்க, டி.வி.யில புடிச்சு வெச்சு அப்புறமாப் போடறாங்க"ங்கறான். எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு சாமி. தக்காளி என்னா வெலைக்குப் போச்சுன்னுகூடக் கேக்காம ஓடியாந்து, "ஏ மதலேனா, நீ வேண்டறதுக்கு முன்னாடியே அந்தப் புள்ள ஆடி முடிச்சு வூட்டுக்குப் போயிருச்சு, உன் நேர்ச்சை செல்லாது"ன்னேன். அவ அடுப்ப ஊதிக்கிட்டே நிமுந்துகூடப் பாக்காம, "நான் சனிக்கெழமை கேப்பன்னு மாதாவுக்கு முன்னாடியே தெரியாதா? தெரிஞ்சுதான் தாங்கிப் புடிச்சிருக்கா"ங்கறா. செமினாரியில படிச்சது நீங்களா உங்க தங்கச்சியா?

பங்குச் சாமிகிட்ட ஓடினேன். வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டு, "உன் மச்சானே சாமியாருதானே, அவரையே கேளு"ன்னு கையக் கழுவிட்டாரு. நாடகத்துல கை கழுவற பிலாத்து வேஷத்துக்கு ஊர்ல ஏற்கெனவே ஆள் இருக்குது, இவரு எதுக்கு? ஆகவே சாமி, முடிந்துபோன போட்டிக்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சை திருச்சபைச் சட்டப்படி செல்லாது என்று, தங்கள் தங்கைக்குப் புரியும்படி, கொஞ்சம் மிரட்டலாகவே, சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி இரண்டு வரி எழுதவும். சேசுநாதராக ஒரே ஒரு தரம் நின்றுவிட்டால் போதும், அப்புறம் ஆயுசு பூராவும் சவுக்கைத் தூக்கிக்கொள்கிறேன்.

பெங்களூர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள்ளவும். பூசையில் எங்களையும், அந்தப் பேர் தெரியாத புள்ளையையும் நினைத்துக்கொள்ளவும். தங்கள் ஆசீர் எங்கள் குடும்பத்தின் மேலும், முடிந்தால் என் தலையின் மேலும் தங்குவதாக.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
அ. இன்னாசி

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி, கவரை ஒட்டாமல் வைத்துவிட்டு, அன்று சாயங்காலம் சும்மா ஒரு நிமிஷம் டி.வி.யைப் போட்டேன். மிச்சம் மீதியைக் காட்டினார்கள். வத்தல்மலை உசரத்துல இருந்து ஒருத்தன் கால்ல பலகையோட சறுக்கி வந்து, விளிம்புல எம்பி, ஆகாசத்துல பறந்தான் சாமி. றெக்கை இல்ல, கயிறு இல்ல, கைய ஒடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு, மூஞ்சிய முன்னால நீட்டிக்கிட்டு வர்றான். கீழ தரை எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியல. பெத்தவ எங்கியோ பாத்துக்கிட்டிருப்பாளேன்னு தோணுச்சு. "மாதாவே, இவன் கால நல்லபடியாத் தரையில படவையி, என் தாடியும் மீசையும் உனக்குத்தான்"னு வாய் வுட்டே சொல்லிட்டேன். அது முடிஞ்சு போன போட்டின்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் வேண்டிக்கிட்டேன். நல்லபடியா எறங்கிட்டான்.

அதனால சட்டம் எதுவும் பாக்க வேணாம், தபாலும் போட வேணாம். இன்னிக்குச் சனிக்கெழமை, கெபியில எல்லாத்தையும் எறக்கிட்டுத்தான் இத எழுதறேன். சவுரியப்பனே கூட வந்து தலைக்குச் சந்தனம் பூசிவிட்டான், சந்தோசத்துல காதுக்கும் சேத்துப் பூசறான். இந்த மாசிக் காத்துக்கே மொட்டத் தலை இப்படிச் சில்லுங்குதே, அத்தன பனியில விழுந்துட்டு அந்தப் புள்ள எப்பிடித்தான் சிரிச்சுதோ சாமி.