கிலுகிலுப்பை வரதராஜுலு

கலப்பிசை அமைப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாட வராது, வாசிக்க வராது, தொடையில் தட்டினால் தாளத்துக்கே கோபம் வரும். ஆனால் வாசிக்கத் தெரிந்த மூன்று பேரை ஒரே இடத்தில் கண்டுவிட்டால், இவர்களை நாம் சேர்த்து வைக்காவிட்டால் உலகம் என்ன ஆகும் என்று இவருக்கு நெஞ்சு படபடக்கும். கழுத்தில் சால்வை, வாயில் ‘எல்லையற்ற’ என்ற சொல், கையில் ஒரு கிலுகிலுப்பை. அது எதற்கு என்கிறீர்களா? மேடையில் அவரும் ஒரு கலைஞர் ஆயிற்றே!

ஒரகடத்தில் கார் இருக்கை தைக்கும் எங்கள் தொழிற்சாலையில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒன்று மனிதவள மேலாளராக இருக்கிறது. பெயர் வரதராஜுலு. ஆண்டு விழாவுக்கு அவர் மூன்று பேரைப் பிடித்தார். தையல் லைனில் இருக்கும் தெற்கத்திப் பெண் செல்லக்கனி, பறை. தரப் பரிசோதனையில் இருக்கும் பென்னலூர் ஹேமந்த், நாகஸ்வரம். கொரியாவிலிருந்து வந்திருக்கும் பொறியாளர் பார்க், இடை சிறுத்த தன் ஊர் மேளம்.

ஒத்திகை மூன்று நடந்தது. மூன்றிலும் ஒரு வாத்தியமாவது உறையை விட்டு வெளியே வந்ததா? குழுவுக்குப் பெயர் என்ன, டீ-ஷர்ட் என்ன நிறம், இசைச் சங்கமத்தை விளக்க அவர் வட்டத்துக்குள் வட்டம் போட்ட படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதிலேயே மூன்றும் முடிந்தன. பறை மட்டும் மேடையின் ஓரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவானது. கேட்டால், பார்வைக்கு அதுதான் அழகாம்.

செல்லக்கனி ஓரத்துக்கும் சம்மதித்தாள். வடக்குப்பட்டு விடுதியில் வார்டன் சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஒன்றரை வருஷமாக அவள் பறை கட்டிலுக்கடியில் கிடந்தது. அவளுக்கு வாக்களிக்கப்பட்டது மூன்றே நிமிஷம். அதைக் கேட்கத்தான் காலை ஷிப்ட் முடிந்த லைன் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். விழா இரண்டு மணிக்கு. கம்பெனி பஸ் மூன்று மணிக்குக் கிளம்பிவிடும்.

“சார், தோலு குளுந்து கெடக்கு. தீ காட்டணும்லா. இல்லாட்டா அட்டைய தட்டுன மாதிரி இருக்கும்” என்றாள்.

“தீயா! சேஃப்டி ஆடிட் இப்பதாம்மா முடிஞ்சுது. அதான் மைக் இருக்குல்ல, அது பாத்துக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் மேடையேறினார்.

அவள் முகம் செத்துப்போனது. பார்க்குக்குத் தமிழ் தெரியாது, தோல் தெரியும். பறையை விரலால் அழுத்திப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், தன் மேளத்தையும் தூக்கிக்கொண்டு அவளைத் தையல் கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சீட் உறையின் சுருக்கம் எடுக்க அனல்காற்று ஊதும் ஹீட் கன் இருக்கிறது.

“ஏட்டி, தள்ளிப் பிடி, கருகிரும்!” என்று செல்லக்கனி கத்த, லைன் தோழி ஒருத்தி ஹீட் கன்னைப் பிடிக்க, பார்க் தட்டித் தட்டிப் பார்க்க, ஹேமந்த் நாகஸ்வரத்தின் சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டு காவல் நின்றான்.

மேடையில் வரதராஜுலு இரண்டேகாலுக்குக் கடல்களைக் கடந்தார். இரண்டரைக்குக் கண்டங்களைக் கடந்தார். இரண்டே முக்காலுக்கும் அறிமுகத்தைக் கடக்கவில்லை. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, “மௌனமும் ஓர் இசை” என்று கிலுகிலுப்பையை ஒரு தடவை குலுக்கினார்.

அப்போதுதான் தையல் கூடத்தில் பறை அதிர்ந்தது. சோதனைக்காக அடித்த ஓர் அடி. பார்க் தன் மேளத்தில் அதற்குப் பதில் சொன்னார். அவள் விடுவாளா? வேறொன்று கேட்டாள். நடுவில் ஹேமந்த் புகுந்தான். விழாப் பந்தலில் கண்ணை மூடியவர்கள் எல்லாம் திறந்துகொண்டு கூடத்துக்கு ஓடினார்கள், சிறப்பு விருந்தினர் உட்பட. மூன்று மணிக்கு ஹாரன் அடிக்க வந்த பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். செல்லக்கனி அழுதுகொண்டே அடித்தாள், சிரித்துக்கொண்டும் அடித்தாள்.

வரதராஜுலு மூச்சிரைக்க ஓடிவந்தார். “ஸ்டாப், ஸ்டாப்! இன்னும் இன்ட்ரோவே முடியல!”

ஹேமந்த் நாகஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்தான். “இன்னா சார் நீ, சேந்துகினு வாசிக்கத்தான சொன்ன? வாசிக்கிறோம், வுடு சார்.”

வேறு வழி? நடுவில் நின்று கிலுகிலுப்பையைக் குலுக்கினார். தாளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பார்க் மிகுந்த மரியாதையோடு தலைகுனிந்து, அதை அவர் கையிலிருந்து வாங்கி, அவருடைய சட்டைப் பையிலேயே போட்டார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் புகைப்படம், நடுநாயகமாக வரதராஜுலு. கீழே ‘கருத்தும் ஒருங்கிணைப்பும்’ என்று போட்டு அவர் பெயர். பறை ஓரத்தில் பாதி தெரிந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் அந்தக் கல்யாணப் பந்தியில் உங்கள் மாமனாரும் உங்கள் நண்பரும் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, இடையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உங்க ரெண்டு பேரையும் நான் அறிமுகப்படுத்தணும்” என்று ஆரம்பித்தது யார்? எதற்கும் சட்டைப் பையை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது குலுங்குகிறதா?