இறுக்கமா, இளக்கமா?

"அவரோட போறதுக்கு எனக்கு ஆசைதான்க்கா. அந்த வண்டியில போறதுக்குத்தான் உடம்புல தெம்பு இல்லை."

கொடியில் துணி காயப்போட்டபடி மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது இது. புருஷனோ அப்போது அந்த வண்டிக்கு அடியில்தான் மல்லாந்து படுத்திருந்தார். கையில் கிரீஸ் டப்பா. காது முழுக்க வெளியே.

"ஏன், ஜீப்பு பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஏறி உட்கார்ந்தா போன வாரம் சாப்பிட்டதெல்லாம் ஞாபகத்துக்கு வருது."

நம்மவருக்குச் சுருக்கென்றது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனுஷர். 'இது தெளிவா, அது தெளிவா' என்று நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு வில்லை மாற்றிப் பார்க்கிறவர். அவர் ஜீப் வாங்கி, உயரத்தைக் கூட்டி, டிராக்டர் பார்த்தால் பொறாமைப்படுகிற மாதிரி டயர் மாட்டியதெல்லாம், மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போகத்தான். ஒரு தடவை போகவும் போனார்கள். பாதி மலையிலேயே அவள் இறங்கி, திரும்பி வரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். கடைசி சீட்டிலிருந்து அவள் கையசைக்க, இவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஜீப்பை ஓட்டி வீடு வந்து சேர்ந்தார்.

வண்டிக்கு அடியிலேயே சபதம் எடுத்தார். குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரின் வால்வை மாற்றியே தீருவது!

சபதம் வீடு தாண்டுவதற்குள் 'பாறை' வந்துவிட்டான். பட்டப்பெயர்தான். கல்லிலும் சேற்றிலும் வண்டி ஓட்டுகிற கூட்டத்துக்கு அவன் தலைவன்.

"மாப்ள, வால்வு இறுக்கமா இருக்கணும். இளக்கமா வெச்சா அது ஜீப்பு இல்லடா, தொட்டில்."

"வீட்டுல கஷ்டப்படறாளேடா."

"ஒரு தலகாணி வாங்கிக் குடு."

ஏற்கெனவே பாறையின் பேச்சைக் கேட்டு வாங்கிய இரும்புப் பம்பரும், சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் ஹாலில் கிடந்தன. புது வால்வு வந்த பிறகு மாட்டலாம் என்று காத்திருந்தன. வின்ச்சின் மேல் செய்தித்தாளை விரித்துக் காய் நறுக்க அவள் பழகிவிட்டிருந்தாள்.

ஷாக் அப்சார்பர் மாஸ்டர் இறுக்கம், இளக்கம் என்ற பேச்சையே காதில் வாங்கவில்லை.

"எடையைச் சொல்லுங்க சார். உள்ளே எண்ணெய் போற வழியில மெல்லிசு மெல்லிசா தகடு அடுக்குவேன். எடை கூடினா தகடு கூடும், இறுக்கம் கூடும். எடை குறைஞ்சா இளக்கம். என்ன மாட்டப் போறீங்க, யாரு உட்காரப் போறாங்க, எல்லாம் சேர்த்து எடை போட்டுட்டு வாங்க."

நம்மவர் மண்டையில் மணி அடித்தது. எடையை ஏற்றிச் சொன்னால் வால்வு தானாக இறுகிவிடும். பாறை மெச்சுவான். வீட்டில் 'உனக்காகத்தான் மாற்றினேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அவளும் பாவம், மனசாரச் சந்தோஷப்படுவாள்.

எடை போடுவதும் சுலபம். அவள் வேலை பார்ப்பதே பார்சல் ஆபீசில், தராசுக்குப் பக்கத்து நாற்காலியில். லாரியையே நிறுத்தி எடை பார்க்கும் மேடை அங்கே உண்டு.

"கடையில கூட்டம்மா. நீயே வண்டியைக் கொண்டுபோய் எடை போட்டு மாஸ்டர்கிட்ட விட்டுடு. பம்பர், வின்ச் எல்லாத்தையும் ஏத்திக்கோ. சொல்லும்போது கொஞ்சம் கூட்டியே சொல்லு. எடை எவ்வளவு கூடுதோ, உனக்கு அவ்வளவு சுகமா இருக்கும்."

"எடை கூடினா சுகமா?"

"ஆமா. அது டெக்னிக்கல்."

"அப்படியா?"

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆன எந்த ஆணும் அந்த 'அப்படியா'வைக் கேட்டதும் உஷாராகியிருப்பான். நம்மவர் விசிலடித்துக்கொண்டே கடைக்குப் போனார்.

வண்டி திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பம்பர் மாட்டுவதற்காக ஸ்பேனர் பையோடு பாறை வந்து நின்றான். நம்மவர் முதலில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். வேகத்தடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆகா என்றிருந்தது. அடுத்த நொடியே உறைத்தது: இறுகியிருக்க வேண்டிய வண்டியல்லவா இது!

பாறை பானெட்டை ஒரு அமுக்கு அமுக்கினான். அது பதமாக இறங்கி, பதமாக எழுந்து, நின்றது.

"என்னடா இது, மெத்தை மாதிரி இருக்கு?"

நம்மவர் மாஸ்டருக்கு போன் போட்டார்.

"மாஸ்டர், வின்ச்சும் பம்பரும் மாட்டப் போறோம்..."

"ஐயையோ, மாட்டிடாதீங்க சார்! அப்புறம் பிரேக் அடிச்சா வண்டி மூக்கு தரையைத் தொடும். நீங்க ரெண்டு பேரு, ஒரு பை, வேற எதுவும் கிடையாதுன்னு வீட்டம்மா சொன்னாங்களே! அந்த எடைக்குத்தானே தகடு அடுக்கினேன்?"

வீட்டம்மா ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, பெல்ட்டும் போட்டிருந்தாள்.

"ஏம்மா, இரும்பையெல்லாம் எடையில சேர்க்கலையா?"

"சேர்க்கலாம்னுதாங்க இருந்தேன். எடை கூடினா சுகமா இருக்குமான்னு மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாரு, விவரம் தெரியாம சொல்லியிருப்பாருன்னு நானே திருத்திட்டேன்."

பொய்யன் என்று பேர் வாங்குவதா, விவரமில்லாதவன் என்று பேர் வாங்குவதா?

"இப்போ என்ன கெட்டுப்போச்சு மாப்ள?" என்றான் பாறை. "மறுபடி பிரிச்சு இறுக்கிட்டா போச்சு. கிளம்பு, மாஸ்டர்கிட்ட போவோம்."

"தாராளமா போயிட்டு வாங்கண்ணா" என்றாள் அவள், பெல்ட்டில் கை வைத்தபடி. "ஏரிக்கு பஸ் இருக்கு. நான் அதுல போய்க்கறேன்."

நம்மவர் பாறையைப் பார்த்தார். பெல்ட்டின் மேலிருந்த கையைப் பார்த்தார். ஹாலுக்குள் போனார். வின்ச்சை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க வெளியே வந்து, பாறையின் வண்டிக்குள் வைத்தார். மறுபடி உள்ளே போய் பம்பரின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிடா" என்றார்.