சுறா கம்பவுண்டரின் மீசை

பழனி மலைக்கு மேலே எங்காவது கடல் வாடை அடித்தால், அதற்குப் பொறுப்பு உலகத்தில் ஒரே மனிதர்தான். எங்கள் பூம்பாறை தரும ஆஸ்பத்திரியின் சுறா கம்பவுண்டர்.

வயிற்றெரிச்சலுக்குச் சங்கு பஸ்பம், காதில் சீழுக்குக் கணவாய் மீன் ஓட்டுப் பொடி, மற்ற எல்லாவற்றுக்கும் சுறா மீன் எண்ணெய் என்பார். இத்தனைக்கும் கடலை அவர் பார்த்ததே இல்லை. கேட்டால், "நம்ம கொடைக்கானல் ஏரிதான். உப்பு மட்டும் கொஞ்சம் கூட" என்று முடித்துவிடுவார்.

மார்கழிக் குளிரில் எண்ணெய் கட்டிக்கொள்ளும். பாட்டிலைக் கம்பளிக் கோட்டுக்குள் வைத்து உடம்புச் சூட்டிலேயே உருக்குவார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு அவர் ஒருவருக்கே கிடைக்கும். ஊர்ப் பூனைகள் சாமி ஊர்வலம் போல அவர் பின்னால் நடக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், என் மகள் பூங்கொடிக்கு ஆறு வயதில் மாலைக்கண் வந்தது. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித் தடவி நடப்பாள்.

"இப்பிடியே விட்டா கண்ணே போயிரும், தாயி" என்று கம்பவுண்டர் சாயங்காலம் வீட்டுக்கே பாட்டிலோடு வந்தார். பூங்கொடி பல்லை இறுக்கிக்கொண்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன். வாயே திறக்கவில்லை. கடைசியில், "மொதல்ல நீங்க குடிங்க மாமா" என்றாள்.

அவர் முருக பக்தர். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர்.

"அவ கெடக்கா, விடுங்கண்ணே" என்றேன், தலை நிமிராமல்.

"கேட்டுட்டால்ல" என்று ஒரு கரண்டியை மடக்கென்று விழுங்கினார். கண் இரண்டும் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின.

"எப்பிடி இருக்கு மாமா?"

"முருகன் சத்தியமா, நல்லால்ல."

பூங்கொடி சிரித்தாள். திறந்த வாய்க்குள் அடுத்த கரண்டி போய்விட்டது.

அன்று முதல் தினமும் ஆளுக்கு ஒரு கரண்டி. மீன் பட்ட வாயோடு கோயிலுக்குப் போகலாமா? அந்தக் குளிரில் ஓடையில் முங்கிவிட்டுத்தான் போவார்.

"என்ன கம்பவுண்டரே, இன்னைக்கும் சுறா கடிச்சிருச்சா?" என்பார்கள் பூண்டுக் காட்டிலிருந்து திரும்புகிறவர்கள்.

"கடிச்சது சுறா இல்லலே, தண்ணி" என்பார், பல் தந்தியடிக்க.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு மாலை, நான் இன்னும் விளக்கேற்றவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒங்க மீசையில எண்ணெ ஒட்டியிருக்கு" என்றாள் பூங்கொடி, எட்ட நின்று.

அந்த மங்கலில் அது எனக்கே தெரியவில்லை.

மீசைக்குப் போன கையை அவர் இறக்கிக்கொண்டார். "இருக்கட்டும் தாயி" என்றார்.

அன்றைக்கு மட்டும் ஓடைப் பக்கம் போகாமல், எண்ணெய் மீசையோடு நேரே கோயிலுக்கு நடந்தார். முருகன் முகம் சுளித்திருக்க மாட்டார்.